இருபது வருட ஃபெட்லிங் வேலை, ஆறு மாதக் காசநோய் மருந்து, மாறாத எக்ஸ்ரே: சிலிக்கோசிஸா என்று எப்படி உறுதி செய்வது?

சிங்காநல்லூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 54 வயதாகிறது. கோவையில் பம்ப் செட்டுக்கான காஸ்டிங்குகளை வார்க்கும் ஃபவுண்டரிகளில் இருபது வருடங்களுக்கும் மேலாக ஃபெட்லிங் பிரிவில் வேலை பார்க்கிறார். மணல் அச்சான மோல்டை உடைத்து வெளியே எடுத்த காஸ்டிங்கில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, பிசிறுகளைக் கிரைண்டரில் தேய்த்து எடுப்பதுதான் அந்த வேலை என்பதை இத்தொழிலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சென்ற வருடம் வறட்டு இருமல் தொடங்கியது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, இரண்டு நுரையீரல்களின் மேல்பகுதியிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் எக்ஸ்ரேயை வைத்தே காசநோய் என்று முடிவு செய்து மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அப்பா ஒரு வேளைகூடத் தவறவிடாமல் ஆறு மாதம் சாப்பிட்டு முடித்தார். இப்போது எடுத்த எக்ஸ்ரே பழையதைப் போலவே இருக்கிறது. காய்ச்சல் இல்லை, இரவில் வியர்ப்பதில்லை, எடையும் பெரிதாகக் குறையவில்லை; மூச்சிரைப்பு மட்டும் குறையவே இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக இருக்கலாம், வேறு மருந்துகளை நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

இத்தனை மாதங்களில் அங்கே ஒருவர்கூட அப்பாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று விவரமாகக் கேட்கவில்லை. சீட்டில் ‘கூலி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அப்பாவோடு அதே ஷெட்டில் வேலை பார்த்த இருவருக்கும் இதே போலக் காசநோய் மருந்து கொடுத்துக் குணமாகவில்லை என்பது இப்போதுதான் தெரிய வந்தது. அதன் பிறகே, மணலிலுள்ள சிலிக்கா தூசைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

இது காசநோயா, சிலிக்கோசிஸா என்று பிரித்தறிய எந்தப் பரிசோதனைகளை, எந்த வரிசையில் கேட்க வேண்டும்? வேலையால் வந்த நோய் என்று ஒரு மருத்துவர் எழுதித் தருவதற்கு எங்கள் பக்கத்திலிருந்து என்ன கொண்டுபோக வேண்டும்? அப்பாவுக்கு இஎஸ்ஐ இருக்கிறது, ஆனால் இடையில் சில வருடங்கள் காண்ட்ராக்டில் இருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இதைப் பற்றிப் பேசவே தயங்குகிறார். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


நுரையீரல்_மருத்துவர் எழுதியது:

வணக்கம். நேரில் பார்க்காத ஒருவருக்கு இன்ன நோய் என்று எழுதுவது முறையல்ல என்பதால், தங்கள் தந்தையாருக்கு இருப்பது சிலிக்கோசிஸ்தான் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அது இல்லை என்று தெளிந்த பிறகே வேறு முடிவுக்குப் போக வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்வேன். இருபது வருட மணல் தூசு, மேல்பகுதிகளில் சிறு புள்ளிகள், கிருமி இல்லாத சளி, காய்ச்சலோ எடைக் குறைவோ இல்லாத மூச்சிரைப்பு, ஆறு மாத மருந்துக்குப் பிறகும் அசையாத எக்ஸ்ரே, ஒரே ஷெட்டில் மூன்று பேர் என்று இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

சிலிக்கோசிஸ் உண்டா இல்லையா என்று தீர்த்துச் சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் சிசி16 என்ற புரதத்தின் அளவை முன்கூட்டியே எச்சரிக்கும் குறியீடாக முன்வைத்திருக்கிறது. ஆயினும் ஒரு தனி மனிதருக்கு நோயை உறுதி செய்ய அது மட்டும் போதாது. நோயறிதல் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்வதில்தான் நிற்கிறது: நோயை உண்டாக்கப் போதுமான அளவும் காலமும் சிலிக்கா தூசைச் சுவாசித்த வரலாறு, அதற்குப் பொருந்தும் எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன், அந்தப் படத்தை இன்னும் நன்றாக விளக்கக்கூடிய வேறு நோய் இல்லை என்ற தெளிவு. இவற்றில் முதலாவதை எந்த இயந்திரமும் தராது, கேட்டுத்தான் அறிய வேண்டும். ‘கூலி’ என்று எழுதிய கணத்திலேயே அந்த மருத்துவமனை நோயறிதலின் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது.

ஆகவே தாங்கள் முதலில் செய்ய வேண்டியது, தந்தையாரோடு அமர்ந்து அவருடைய வேலை வரலாற்றை ஒரு தாளில் எழுதுவது. முதல் வேலையிலிருந்து இன்றுவரை எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை எந்த ஊரில், எந்த மாதிரி ஃபவுண்டரியில், எந்தப் பிரிவில் என்பதோடு நிறுத்திவிடாமல், அந்தப் பிரிவில் கையால் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். ‘ஃபெட்லிங்’ என்ற சொல் மட்டும் மருத்துவருக்குப் போதாது. திறந்த வெளியிலா, மூடிய ஷெட்டிலா, தூசை இழுக்கும் மின்விசிறிக் குழாய் இருந்ததா, முகத்தில் என்ன கட்டியிருந்தார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஓவர்டைம் உண்டா என்பவை எல்லாம் வேண்டும். ஃபவுண்டரிக்கு முன் கல் குவாரி, கிணறு வெட்டு, போர்வெல் போன்ற வேலைகள் செய்திருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடங்களுக்கு மேல் மிதமான தூசில் இருந்தவர்களுக்கு வரும் மெதுவான வகையே அதிகம் காணப்படுவது. தூசு மிகுந்தால் ஐந்து முதல் பத்து வருடங்களில் வேகமான வகையும், மிக அதிகமானால் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ தீவிர வகையும் வரும். வருடங்களை எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

கண்ணுக்குத் தெரியும் தூசைப் பார்த்து இது கொஞ்சம்தான், அது நிறைய என்று அளக்கக் கூடாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்வது பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைவான துகள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். காற்றறையில் காவலிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் துகளை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் சிதைகின்றன, சிதையும்போது அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. அந்த இடத்தில் தழும்பு முடிச்சு உருவாகிறது, துகள் விடுபட்டு அடுத்த அணுவுக்குள் போகிறது. காசநோய்க் கிருமியைத் தடுக்க வேண்டிய அணுக்களும் இவையேதான். எனவே சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். எது ஒன்று என்று மட்டும் பார்க்காமல், இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் காரணத்தால், தந்தையாருக்குத் தற்போது ஏதேனும் காசநோய் மருந்து நடந்துகொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு அதைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

பரிசோதனைகளைப் பொறுத்தவரை, முதலில் சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். கிருமி இருந்தால் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் அதே பரிசோதனை சொல்லிவிடும். கூடவே கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள், முடிவு வர ஆறு வாரங்கள்கூட ஆகலாம். ஒரு முறைகூடக் கிருமி காணப்படாத ஒருவருக்கு ‘மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்’ என்று பெயர் வைப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அந்த மருந்துகள் காதையும் நரம்புகளையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியவை. ஆதாரம் இல்லாமல் தரக் கூடாதவை. சளியே வரவில்லை என்றால் உப்பு நீராவி கொடுத்து வரவழைக்கலாம், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி மூலம் கழுவி எடுத்துப் பார்க்கலாம். அடுத்து உயர் துல்லிய சிடி ஸ்கேனும், ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையும். ஊதும் பரிசோதனை எவ்வளவு பாதிப்பு என்பதை அளக்குமே தவிர, நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டாது. ஆரம்ப சிலிக்கோசிஸில் அது சரியாகவே இருக்கலாம் என்பதால், நன்றாக ஊதிவிட்டார், ஒன்றுமில்லை என்று யாரும் அனுப்பிவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட மலிவான, ஆனால் விலைமதிப்பற்ற ஒரு சான்று பழைய எக்ஸ்ரே. காசநோய்ப் புள்ளிகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மாறுபவை, மருந்து பட்டால் குறைபவை. சிலிக்கோசிஸ் முடிச்சுகள் வருடக்கணக்கில் மெல்ல வளர்பவை. ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரே வீட்டுப் பரணில் கிடந்தால் அதைத் தேடி எடுங்கள்.


கதிர்ப்பட_அறை எழுதியது:

மருத்துவர் எழுதியதோடு படத்தைப் படிக்கும் முறை பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். தூசால் வரும் நுரையீரல் நோய்களுக்கு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ, ஒரு வகைப்பாட்டு முறையை வைத்திருக்கிறது. சாதாரண ரிப்போர்ட்டில் ‘இரு பக்கமும் சிறு நிழல்கள், காசநோயுடன் பொருந்தும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது போல அதில் முடிக்க முடியாது. படிப்பவர் தொழிலாளியின் படத்தை ஐஎல்ஓவின் மாதிரிப் படங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வட்டப் புள்ளிகள் 1.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பி (p), 3 மில்லிமீட்டர் வரை க்யூ, 10 மில்லிமீட்டர் வரை ஆர். இரண்டு நுரையீரல்களையும் ஆறு பகுதிகளாகப் பிரித்து, எந்தெந்தப் பகுதியில் புள்ளிகள் உண்டு என்று குறிக்க வேண்டும். அடர்த்திக்கு 1/0, 2/1 என்பது போல இரண்டு எண்கள் எழுதப்படும். முதல் எண் படிப்பவரின் முடிவு, இரண்டாவது அவர் அதோடு கருத்தில் கொண்ட அடுத்த வாய்ப்பு. 1/0 என்றால், நோய் உண்டு என்று முடிவெடுத்திருக்கிறார், ஆனால் இல்லை என்பதையும் யோசித்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய பெரிய நிழல்கள் இருந்தால் ஏ, பி (B), சி என்று தனியாக வகைப்படுத்துவார்கள். முடிச்சுகள் ஒன்றாகத் திரண்டு நோய் முற்றியதன் அடையாளம் அது.

சிறிய பி (p) அளவுப் புள்ளிகள்தான், கிருமி இரத்தம் வழியே பரவும் மிலியரி காசநோயோடு அதிகம் குழம்புபவை. மிலியரியில் புள்ளிகள் மேலும் கீழும் ஒரே சீராகத் தூவியது போல இருக்கும், நோயாளியும் படுத்த படுக்கையாக, காய்ச்சலோடு இருப்பார். சிலிக்கோசிஸில் மேல்பகுதியில், அதிலும் முதுகுப் பக்கம் அதிகமாக இருக்கும், படத்தில் தெரியும் அளவுக்கு ஆள் நோயாளியாகத் தெரியமாட்டார். நுரையீரலின் வேர்ப்பகுதியில் உள்ள நெறிக்கட்டிகளின் விளிம்பில் மட்டும் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எல்லோருக்கும் அது இருக்காது. இல்லாததை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. சார்க்காய்டோசிஸ் என்ற நோயிலும் அது வரலாம் என்பதால், இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் முடியாது.

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் வேண்டுகைச் சீட்டில் ‘இருமல், மூச்சிரைப்பு’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், நம் நாட்டில் படம் படிக்கும் எவரும் முதலில் காசநோய் என்றுதான் எழுதுவார்கள். ‘20 வருடம் ஃபவுண்டரி ஃபெட்லிங், சிலிக்கா தூசு, சிலிக்கோசிஸ் சந்தேகம், ஐஎல்ஓ முறையில் படிக்கவும்’ என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். படிக்கும் கண் அங்கேயே மாறிவிடும்.


அறிய_விழைபவன் எழுதியது:

நுரையீரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பயாப்ஸி செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா? ஏன் இவ்வளவு சுற்று வழி?


நுரையீரல்_மருத்துவர் எழுதியது:

தூசு வரலாறும் படமும் தெளிவாகப் பொருந்தும்போது பயாப்ஸி தேவையில்லை என்பதே பொதுவான நிலைப்பாடு. ஏற்கெனவே மூச்சு குறைந்தவருக்கு நுரையீரலில் ஊசி போடும்போது காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. வேலை வரலாறு பொருந்தாதபோதும், புற்றுநோய் போன்ற வேறொன்றைச் சந்தேகிக்கும்போதும் மட்டுமே அதை யோசிப்போம். சிலிக்காவைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியிருப்பதால், ஒரு பக்கம் மட்டும் வேகமாக வளரும் கட்டி தெரிந்தால் அதை முற்றிய சிலிக்கோசிஸ் என்று விட்டுவிடவும் கூடாது. ஆனால் ‘பயாப்ஸி இருந்தால்தான் தொழில்நோய் என்று ஒப்புக்கொள்வோம்’ என்று யாராவது கேட்டால், அது மருத்துவக் காரணத்துக்காகக் கேட்பது அல்ல.


உலைக்கூடம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கோவையில் கணபதி, தண்ணீர்பந்தல் பகுதி ஃபவுண்டரிகளில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சங்கப் பணியில் இருப்பவன். வேலை வரலாறு எழுதும்போது மருத்துவருக்குக் கேட்கத் தெரியாத, அப்பாவுக்கும் சொல்லத் தோன்றாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

பம்ப் கேசிங்கின் உள்ளே தண்ணீர் சுற்றி வரும் வளைந்த வழி இருக்கிறதல்லவா, அதற்கு வைத்த கோர், அதாவது உள் மணல் அச்சு, உலோகத்தின் சூட்டில் வெந்து உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கிரைண்டர் அங்கே நுழையாது. ஏர் சிசலை விட்டுக் குத்தி உடைத்து, பிறகு ஏர் ஹோஸை உள்ளே வைத்து அடிப்போம். மறுபக்க வாயிலிருந்து மாவு மாதிரி வெள்ளையாக முகத்துக்கு நேரே வரும். ஃபெட்லிங்கில் மிக மோசமான தூசு அதுதான், கிரைண்டர் பொறி அல்ல. அப்பா எந்த மாதிரி காஸ்டிங் பார்த்தார், உள்ளே ஏர் அடித்தாரா என்பதைத் தவறாமல் கேளுங்கள். வாயில் ஈரத் துண்டு கட்டியிருந்தேன் என்பார். அந்தத் துண்டு பெரிய மணலைத் தடுக்கும், மருத்துவர் சொல்லும் 5 மைக்ரான் துகளைத் தடுக்காது. ஆகையால் ‘முகக்கவசம் அணிந்திருந்தார்’ என்று சீட்டில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ஃபர்னஸ் லைனிங், அதாவது உலோகம் உருக்கும் உலையின் உட்பூச்சு. இண்டக்‌ஷன் ஃபர்னஸின் உட்சுவருக்கு அடிக்கும் ரேமிங் மாஸ் பெரும்பாலும் குவார்ட்ஸ் பொடிதான், கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. லைனிங் தேய்ந்தவுடன் ஆள் உள்ளே இறங்கிப் பழையதை உடைத்து எடுத்து, மூட்டை பிரித்துப் புதியதைக் கொட்டி இடிக்க வேண்டும். உற்பத்தி நிற்கும் நாள்களில் ஃபெட்லிங் ஆட்களைத்தான் இதற்கு இறக்குவார்கள். தினசரி வேலை இல்லை என்பதால் யாரும் கணக்கில் சொல்வதில்லை. அந்தக் குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கும் குஜராத் ஆலைகளுக்கு வேலைக்குப் போன மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் சில வருடங்களிலேயே சிலிக்கோசிஸால் இறந்ததும், உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தருமாறு உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டதும் பதிவான செய்திகள். நம் ஊர் ஃபர்னஸுக்குள் போவதும் அதே பொடிதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அந்தச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, பார்த்த மருத்துவரே எழுத்து மூலம் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. பழைய சட்டங்களின் இடத்தில் இப்போது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன, தெரிவிக்கும் கடமை அதிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் அது போய்ச் சேர வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பிரிவு எண்களை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் அபாயகரமான தொழில்களின் பட்டியலில் ஃபவுண்டரி இருந்ததால், தூசில் வேலை செய்பவரின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருப்பதும், அதைத் தொழிலாளி பார்க்க அனுமதிப்பதும் நிர்வாகத்தின் கடமை. வருடாந்திர முகாமில் எடுத்த எக்ஸ்ரேக்கள் ஃபவுண்டரியில் இருக்கும். எழுத்து மூலம் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐயில் சிலிக்கோசிஸும், சிலிக்கோசிஸோடு சேர்ந்த காசநோயும் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளவை. டிஸ்பென்சரியில் தொடங்கி இஎஸ்ஐ மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து தொழில்நோய்களுக்கான சிறப்பு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். சென்னை கே.கே. நகரில் இஎஸ்ஐயின் தொழில்நோய் மையம் இருக்கிறது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு சதவீதம் குறைந்தது என்று குழு முடிவு செய்து, அந்த விகிதத்தில் மாதாமாதம் உதவித்தொகை வரும். காண்ட்ராக்டில் இருந்த வருடங்களைப் பற்றிக் கலங்க வேண்டாம். பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ சந்தா விவரம், பழைய கேட் பாஸ், சம்பளக் கவர், கூட வேலை செய்த இருவரின் எழுத்து வாக்குமூலம் என எது கிடைத்தாலும் வேலைச் சான்றுதான். இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே, ஒருவர் பல முதலாளிகளிடம் இதே தூசில் வேலை செய்திருந்தால் அத்தனை பேரும் பங்கு போட்டுத் தர வேண்டும் என்று சொன்னது.

அப்பாவின் பயம் நியாயமானது, அதைச் சிறியதாக நினைக்காதீர்கள். முதலில் நோயை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிர்வாகத்திடம் பேசுவது அதற்குப் பிறகு, அதுவும் தனியாகப் போகாமல் சங்கத்தோடு.


சிங்காநல்லூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்பாவோடு உட்கார்ந்து எழுதிய பிறகுதான் பல விஷயங்கள் எனக்கே தெரிய வந்தன. உலைக்கூடம் ஐயா சொன்னது போலவே, மூன்று வருடங்கள் மாதத்துக்கு ஒருமுறை ஃபர்னஸ் லைனிங் உடைக்க இறங்கியிருக்கிறார். கேசிங்கின் உள்ளே ஏர் அடிப்பதும் தினசரி வேலையாக இருந்திருக்கிறது. 2016இல் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த மார்பு எக்ஸ்ரே பீரோவுக்கு மேலே கிடைத்தது. அதிலும் மேல்பகுதியில் புள்ளிகள் இருப்பது போல எனக்குத் தெரிகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் ‘இயல்பு’ என்று இருக்கிறது. அரசு மருத்துவமனையில் செய்த சிபிநாட்டில் கிருமி இல்லை, கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

இரண்டு விஷயங்கள் கேட்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் நோய் அங்கேயே நின்றுவிடுமா என்று அப்பா கேட்கிறார். என் தம்பி இரண்டு வருடங்களாக அதே ஃபவுண்டரியில், ரெசின் கலந்த மணலைச் சூடாக்கிக் கோர் செய்யும் ஷெல் கோர் பிரிவில் இருக்கிறான். அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவனையும் பரிசோதிக்க வேண்டுமா?


நுரையீரல்_மருத்துவர் எழுதியது:

2016ஆம் ஆண்டுப் படம் கிடைத்தது மிகவும் நல்லது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா என்ற ஒரே கேள்வியோடு படித்த படம் என்பதால், ‘இயல்பு’ என்ற சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றே புள்ளிகள் இருந்து, இத்தனை வருடங்களில் மெதுவாக மட்டும் கூடியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் படிப்பவர் எழுதினால், இது இப்போது வந்த காசநோய் என்ற வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். கல்ச்சரும் கிருமி இல்லை என்று வந்துவிட்டால், வேலை வரலாற்றுத் தாளின் நகலை மருத்துவக் கோப்பிலேயே சேர்க்கச் சொல்லி, முடிவுரையில் ‘சிலிக்கோசிஸ், தொழில்சார்ந்தது’ என்று இரண்டு சொற்களும் வரும்படி எழுதி வாங்குங்கள். ‘நாள்பட்ட நுரையீரல் நோய்’ என்று பொதுவாக எழுதிய சீட்டு சிறப்பு மருத்துவக் குழுவின் முன் பயன்படாது. மாறாக, கல்ச்சரில் கிருமி வளர்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்த நிலை. அப்போது வழக்கமான ஆறு மாத சிகிச்சையை நீட்டிப்பது பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டும். ஹாங்காங்கில் சிலிக்கோசிஸோடு காசநோய் வந்தவர்களிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாதத்தில் நிறுத்தியவர்களில் 22 சதவீதத்தினருக்கு நோய் திரும்பி வந்தது, எட்டு மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதத்தினருக்கு மட்டுமே வந்தது.

காசநோய் என்றால் 2012 முதல் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், மருத்துவமனைகளும் நிக்‌ஷய் தளத்தில் பதிவு செய்கின்றன. சிலிக்கோசிஸைத் தெரிவிக்கும் கடமை அதைவிடப் பல பத்தாண்டுகள் பழையது, ஆனால் அதை நிறைவேற்றிய மருத்துவர்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன். தங்கள் மருத்துவரிடம் அதை மரியாதையோடும் விடாமலும் கேளுங்கள். ஒரே ஷெட்டில் மூன்று பேர் என்பது தனிமனிதரின் நோய் வரலாறு மட்டுமல்ல. மற்ற இருவரின் பழைய படங்களையும் ஒரே மருத்துவரிடம் ஒன்றாகக் காட்ட முடிந்தால் நோயறிதல் இன்னும் வலுப்படும்.

தந்தையாரின் கேள்விக்கு நேர்மையான பதில், நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதுதான். உள்ளே தங்கிவிட்ட துகள் வெளியே வருவதில்லை, தூசிலிருந்து விலகிய பிறகும் சிலருக்கு நோய் மெதுவாக வளர்கிறது. ஆனால் தூசில் தொடர்ந்தால் இன்னும் வேகமாக வளரும் என்பதில் ஐயமில்லை. முடிச்சுகளைக் கரைக்கும் மருந்து கிடையாது; யாராவது இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட வேண்டும், ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள் போட வேண்டும், மறைந்திருக்கும் காசநோய்க் கிருமிக்கான பரிசோதனை செய்து தேவையானால் தடுப்பு மருந்து எடுக்க வேண்டும். வருடம் ஒருமுறை எக்ஸ்ரேயும் ஊதும் பரிசோதனையும் தேவை. இடையில் காய்ச்சலோ, எடைக் குறைவோ, சளியில் இரத்தமோ வந்தால் அதற்காகக் காத்திருக்காமல் உடனே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மூட்டு வலி, விரல்கள் குளிரில் வெளுத்துப் போவது, தோல் இறுகுவது போன்றவை தெரிந்தாலும் சொல்லுங்கள். சிலிக்கா சிலருக்கு நுரையீரலோடு நிற்பதில்லை.

தம்பியைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தொந்தரவு வந்த பிறகு எடுக்கும் படம் பெரும்பாலும் தாமதமான படம். இப்போது ஒரு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து வைத்தால், பின்னாளில் ஒப்பிடுவதற்கு அடிப்படை கிடைக்கும். ஷெல் கோரில் மணலோடு ரெசினும் உண்டு. சூட்டில் அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு போன்ற புகைகளால் ஆஸ்துமா வரலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாது. வேலை நாள்களில் இருமலோ இளைப்போ வந்து விடுமுறையில் குறைகிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, வேலை நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் தினமும் நான்கு வேளை ஊதி, சில வாரங்களுக்குக் குறித்து வரச் சொல்லுங்கள். நெஞ்சக நோய் மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும், தந்தையாரின் 2016 படத்தையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமையே கொண்டுபோக வேண்டும். அதை மருத்துவமனையிலேயே விட்டுவிடாமல், பார்த்த பின் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.